ட்ரம்பெட் சும்மா இருக்க வேண்டிய இடம்

...இல்லம்மா, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. மூணு தடவ! உங்க கம்பெனில எல்லாருக்கும் அந்த ஒரே மந்திரத்தத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்களா? மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. பழைய சாஃப்ட்வேர்ல நான் எழுதின ஸ்கோர், அதான் எங்க குழு பாத்து வாசிக்கிற இசைக்குறிப்பு, நாப்பது பக்கம், தங்கமா இருந்துச்சு. அத உங்க புது சாஃப்ட்வேருக்கு மாத்தினேன். 'ஒரே கிளிக்ல மாறிடும்'னு விளம்பரத்துல ஒரு பொண்ணு சிரிச்சுச்சே... மாறுச்சு! நல்லாவே மாறுச்சு!

என்ன ஆச்சா? வயலின் மட்டும் மெதுவா அழற இடம் ஒண்ணு இருக்கு. அங்க ட்ரம்பெட் சும்மா இருக்கணும். நேத்து ஒத்திகையில எங்க மச்சான், அதான் என் வீட்டுக்காரியோட அண்ணன், அவர்தான் ட்ரம்பெட், எந்திரிச்சு நின்னு பாம்பபாம்னு ஊதுறாரு! முப்பது பேரு முன்னாடி கேட்டுட்டேன்... 'கண்ணு அவிஞ்சு போச்சா, பேப்பரப் பாத்து ஊதத் தெரியாதா'ன்னு. மனுஷன் ட்ரம்பெட்டப் பெட்டியில வச்சாரு, போயிட்டாரு. நாளைக்குக் கச்சேரி! வீட்ல இவளும் நேத்துலேர்ந்து எங்கிட்ட பேசல. உங்க சாஃப்ட்வேரால கெடச்ச ஒரே நிம்மதி அதுதான்.

அப்புறம் பாத்தா, பேப்பர்ல இருந்ததத்தான் ஊதியிருக்காரு! நான் எழுதாதத உங்க சாஃப்ட்வேர் தானா எழுதியிருக்கு. அதுக்கு இசையமைக்கிற ஆசை வேறயா?

என்ன... பழைய ஃபைலத் திறக்கணுமா? இந்தா, திறந்தாச்சு. என் ஸ்க்ரீன் உங்களுக்கும் தெரியுதுல்ல? பாருங்க, அந்த இடம் வெறும் வெள்ளை. எல்லாத்தையும் செலக்ட் பண்ணணுமா? பண்ணிட்டாப் போச்சு...

ஓ.

அந்த வெள்ளையில ஏழு நோட்ஸ் நீலமாத் தெரியுது.

அது... அது வந்தும்மா... வேண்டாம்னு அந்த நோட்ஸ அழிச்சா அதுக்கப்புறம் இருக்கிறதெல்லாம் இடம் மாறி ஓடிடும், பழைய சாஃப்ட்வேர் அப்படி. அதனால அப்ப... வெள்ளைக் கலர் அடிச்சு விட்டேன். வெள்ளைப் பேப்பர்ல வெள்ளை, யாருக்குத் தெரியப் போகுது? பத்து வருஷமாத் தெரியலையே! புதுசுக்கு மாத்தினா கலரு கூடவே வராதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ...சொல்லியிருக்கா? வழிமுறையில மொத வரியிலயேவா? அதெல்லாம் யாரும்மா படிக்கிறா!

பாவம்மா அவரு. இருந்தத இருந்தபடி ஊதினாரு. நாந்தான் வாய விட்டுட்டேன்.

சரி, ஒரே ஒரு உதவி. 'தப்பு எங்க சாஃப்ட்வேரோடது'ன்னு உங்க கம்பெனி பேர்ல ஒரு வரி மெயில் அனுப்புங்களேன். மச்சான்கிட்ட காட்டணும்... ஹலோ? ஹலோ? ஹோல்டுல போட்டுட்டீங்களா?

அடக் கடவுளே... பாட்டுப் போடுறதுதான் போடுறீங்க, ட்ரம்பெட்டா போடணும்?