வெள்ளைக்கரு எஞ்சினுக்கு

– அந்தத் தூக்கு என்னுது.

– எதுங்கம்மா?

– சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கியே, அந்தப் பித்தளைத் தூக்கு. மூடியில மயிலு செதுக்கியிருக்கும் பாரு. உடையார்பாளையத்துலேருந்து எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்தது. அது எப்படி குன்னத்துக்கு வந்து உன் வூட்டு ஆணியில தொங்குது? நெசத்தச் சொல்லு.

– நீங்க யாருன்னு தெரியலீங்களே.

– பெரம்பலூர்லேருந்து வரேன். பேரு ஜானகி. பெட்ரோலு கெடைக்காமக் கரியில ஓடுதே அரியலூர் பஸ்ஸு, அத ஓட்டுறாரே வைத்திலிங்கம், அவரு சம்சாரம். இப்பத் தெரியுதா?

– அடியாத்தே! டிரைவரய்யா வூட்டு அம்மாவா! வெயில்ல நிக்கிறீங்களே, இப்படிப் புளிய மரத்தடிக்கு வாங்க. எப்படி வந்தீங்க? வூட்டுல எல்லாரும் சொகந்தானுங்களே? இப்பக் கொஞ்சம் தேவலைங்களா?

– சொகத்தக் கெடுத்தவளே சொகம் விசாரிக்காத. தங்கராசு கடலை வண்டியில ஏறி, குலுங்கிக் குலுங்கி இடுப்பு ஒடிஞ்சு வந்திருக்கேன். உன் மூஞ்சியப் பாக்கணும்னே வந்திருக்கேன். நீதானே ஆண்டாயி?

– நாந்தாங்க.

– ஆமாமா. மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்க. உன் புருசன் எங்க?

– அஸ்ஸாமுக்குப் போயிருக்காருங்க. சண்டைக்கு ரோடு போட ஆள் எடுத்தாங்கல்ல, அதுல போயி ஒரு வருசமாச்சு.

– அப்படிப் போடு. உன் புருசன் அஸ்ஸாமுல, என் புருசன் உன் வாசல்ல. ரயிலுக்குப் போற சனமெல்லாம் பஸ்ஸுக்குள்ள வெந்துக்கிட்டுக் கெடக்குதாம், இவரு மட்டும் எறங்கி உன் வூட்டுப் பக்கம் வந்துட்டு, சாவகாசமாத் திரும்புறாராம். பெரம்பலூர் டவுனே சொல்லுது. கடைசியாக் கேள்விப்பட்டவ நான்தான்.

– தண்ணி மொள்ள வராருங்க. கெணறு இங்கதானே இருக்குது.

– தண்ணி மொள்ள வரவரு சட்டைப் பையில முட்டை ஓடு எப்படி வரும்?

– அது வந்துங்க…

– எங்க வூடு சைவம். முட்டைங்கற பேச்சுகூட எங்க அடுப்பங்கரையில வராது. போன வெள்ளிக்கெழம சட்டையத் தொவைக்க எடுத்துப் பைக்குள்ள கைய விட்டேன், நறுக்குன்னு ஒரு ஓடு. முந்தாநேத்துத் துண்டெல்லாம் வழவழன்னு ஒரே கவுச்சி. கேட்டா, 'பஸ்ஸுல நூறு பேரு ஏறுறான், எவன் துடைச்சானோ'ங்கறாரு. தூக்கு எங்கன்னு கேட்டா, பஸ்ஸுல தொலைஞ்சுடுச்சாம். இங்க வந்து பாத்தா, புளி போட்டுத் தேச்சுத் தங்கமாட்டம் தொங்குது. என் தூக்க நீ எதுக்குடி தேய்க்கற?

– நான் தேய்க்கலீங்கம்மா.

– பின்ன, அது தன்னால தேச்சுக்குச்சா?

– கொஞ்சம் கேளுங்கம்மா…

– நீ கேளு. நான் வூட்டுல தனியா உக்காந்திருக்கறவ. எனக்கு எண்ணிப் பாக்கறதத் தவிர வேற என்ன வேலை? வச்ச சோத்துல பாதி எலையிலயே மிச்சமாகுது. மஞ்சத்தூள் டப்பா பத்து நாள்ல காலியாச்சு. அந்த வூட்டுல மஞ்ச பூசிக் குளிக்கிறவ நான் ஒருத்திதான். அப்ப எவளுக்குப் போச்சு? அது போவட்டும், போன வாரம் அவரு கூட்டாளிகிட்ட வாசல்ல நின்னு பேசறாரு, என் காதால கேட்டேன்: 'அவளுக்குச் சூடு ஏறிப்போச்சுன்னா நகர மாட்டா, குன்னத்துல நிறுத்திக் கொஞ்சம் குளிர வச்சாத்தான் சரியா வருவா'ன்னு. எனக்கு அப்படியே வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஏண்டி சிரிக்கிற? என் பொழப்பு உனக்குச் சிரிப்பா இருக்குதா?

– அய்யோ, மன்னிச்சுக்குங்க, அடக்க முடியலீங்க. அந்த 'அவ' நான் இல்லீங்கம்மா. பஸ்ஸு. அய்யா பஸ்ஸைத்தான் அவ, இவன்னு சொல்லுவாரு.

– பஸ்ஸா?

– முட்டையும் பஸ்ஸுக்குத்தான். தெனம் நாலு முட்டை எங்கிட்ட வாங்குறாரு, அது நெசம். ஆனா வாங்குறது எஞ்சினுக்கு.

– பொய் சொல்றதா இருந்தாலும் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லு. இரும்புக்கு எதுக்கு முட்டை?

– நானும் மொத நாளு இப்படித்தான் கேட்டேன். பஸ்ஸு மூஞ்சியில ஒரு தண்ணிப் பொட்டி இருக்குதாம். எஞ்சின் சூட்ட அந்தத் தண்ணிதான் தணிக்குமாம். அதுல ஊசி ஓட்டையா மூணு நாலு விழுந்து, தண்ணி ஒழுகிப் போயிடுது. தண்ணி வத்துனா எஞ்சின் வெந்து இறுகிடுமாம். போன மாசம் இங்க இப்படித்தான் நட்டநடு ரோட்டுல நின்னு, அரியலூர் ரயிலே போயிடுச்சு.

– ஓட்டை விழுந்தா ஈயம் வச்சுப் பத்த வேண்டியதுதானே?

– ஈயத்துக்கு எங்கம்மா போறது? எல்லாந்தான் சண்டைக்குப் போயிடுச்சே. முன்ன எல்லாம் மெட்ராசுலேருந்து டப்பாவுல ஒரு மருந்து வருமாம். பொட்டியில ஊத்துனாப் போதும், ஓட்டை தன்னால அடைஞ்சுக்குமாம். இப்பக் கப்பலும் இல்ல, டப்பாவும் இல்ல. மொதலாளி வேற, 'இன்னொரு வாட்டி வண்டி வழியில நின்னா நீ வீட்டுலயே இருந்துக்க'ன்னுட்டாராம். அதான் அய்யா மொதல்ல மஞ்சத்தூளப் போட்டுப் பாத்தாரு.

– என் மஞ்சத்தூளா?

– உங்க மஞ்சத்தூள்தான். புண்ணு மேல அப்புறாப்பல உள்ள போயி ஓட்டைய அடைக்கும்னாரு. நாலு நாள்கூடத் தாங்கல. அப்பறந்தான் முட்டை. கொதிக்கிற தண்ணியில வெள்ளைக்கருவ ஊத்துனா, அது திரிதிரியா வெந்து போயி ஓட்டையில சிக்கிக்கும். ஒரு நாளைக்குத் தாங்குது. மறுநா திரும்ப ஊத்தணும்.

– இதெல்லாம் அவரு எங்கிட்ட ஏன் சொல்லல?

– சைவ வூட்டு ஆம்பள, முட்டையத் தொட்ட கையோட வூட்டுக்கு வரேன்னு எப்படிங்க சொல்லுவாரு? நீங்க நம்பலீன்னா இருந்து உங்க கண்ணால பாருங்க. நான் கோழி வளக்குறேன், முட்டை விக்கிறேன். மானத்த விக்கலீங்கம்மா. புருசன் ஊர்ல இல்லாதவன்னா என்ன வேணா சொல்லிடலாமா?

– ஏ, அழுவாத. நான்… எனக்கு அப்ப யாரு என்ன சொன்னாலும் அப்படித்தான் தெரிஞ்சுது. அது என்ன சத்தம்?

– ஆரன். பஸ்ஸு வந்துடுச்சு. பாருங்க, மூஞ்சியெல்லாம் ஒரே ஆவி.

– சிவசிவா! ஜானகியா? நீ எங்க இங்க?

– ஏங்க, நான் வரக் கூடாதா? உங்க 'அவ'ளப் பாக்கத்தான் வந்தேன். இந்தா நின்னு மூச்சு விடுறாளே, இவதானே?

– ஆண்டாயி, என்ன சொன்ன நீ?

– முட்டைக் கதையச் சொல்லிட்டேங்கய்யா. வேற வழியில்ல. அம்மா தூக்கப் பாத்துட்டாங்க.

– தூக்கையா?

– பாத்துட்டேன். எனக்குத் தெரியாம எங்கம்மா சீர எடுத்துட்டு வந்தது தப்புத்தான். அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல இந்த ஒழுகுறத நிறுத்திக் காட்டுங்க. நான் பாக்கணும்.

– ஜானகி, தள்ளி நில்லு. ரேடியேட்டர் மூடியத் தெறந்தா மூஞ்சியில அடிக்கும். அந்த ஈரச் சாக்க எடு ஆண்டாயி. சிவசிவா… ம், தெறந்தாச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். முட்டைய உடைச்சுக் குடு.

– இருங்க. நான் உடைக்கிறேன்.

– நீயா? ஜானகி, உனக்கு என்ன ஆச்சு? முட்டையத் தொடப் போறியா?

– ஒரு வாரமா இந்த முட்டைய நெனச்சு நெனச்சு உங்களையும் வஞ்சேன், இந்தப் புள்ளையையும் வஞ்சேன். உங்க பொழப்பு இதுலதான் ஓடுதுன்னா, தொட்டா என்ன? பாவம் வந்தா எனக்கு வரட்டும், ஒரு முழுக்குப் போட்டாப் போயிடும். எப்படி உடைக்கணும் ஆண்டாயி?

– நடுவுல லேசாத் தட்டுங்க. இந்தச் சட்டி மேல பிடிங்க. இப்ப ரெண்டு ஓட்டுக்கும் மாத்தி மாத்தி ஊத்துங்க. வெள்ளை கீழ எறங்கிடும், மஞ்ச ஓட்டுலயே தங்கிடும்.

– சீ, என்ன இப்படி வழுக்குது… எறங்கிடுச்சு! ஏங்க, பாத்தீங்களா, மஞ்ச ஒடையவே இல்ல!

– பாத்தேன். அந்த மஞ்ச ஒரு சொட்டுகூட இதுல விழக் கூடாது. நெய்யாட்டம் உள்ள படிஞ்சு எல்லாத்தையும் அடைச்சுடும்.

– விழாது. இந்தாங்க, நாலும் ஆச்சு. ஊத்துங்க.

– ம். இப்பக் கீழ பாரு ஜானகி. சொட்டு எண்ணிக்கிட்டே இரு.

– நல்லா ஒழுகுது… இன்னும் ஒழுகுது… கொறையுதுங்க… ஒண்ணு… ரெண்டு… நின்னுடுச்சு! அய்யோ, நெசமாவே நின்னுடுச்சுங்க!

– நான்தான் சொன்னேனேம்மா.

– நின்னுடுச்சு ஆண்டாயி. ஒரு மாசமா எனக்குள்ளயும் இப்படித்தான் எரிஞ்சு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு, எல்லாம் நின்னுடுச்சு. நான் எப்பேர்ப்பட்ட பாவி! தங்கமான மனுசனச் சந்தேகப்பட்டு, உன் வாசல்ல வந்து வாய்க்கு வந்தபடி பேசி… ஏங்க, ஏன் கண்ணு கலங்குறீங்க?

– ஒண்ணுமில்ல. கரிப்புகை.

– ஆமாமா, கரிப்புகைதான். இனிமே நீங்க மறைக்க வேணாம். கோழி வாங்கி வூட்டுக் கொல்லையிலயே விடுறேன். ஊரு என்ன வேணா சொல்லட்டும். சைவ வூட்டுல கோழி எதுக்குன்னு எவளாவது கேட்டா, எங்க வூட்டு எஞ்சினுக்குடின்னு சொல்றேன்.

– ஜானகி, நீ… அதெல்லாம் வேணாம். நேரமாவுது, ரயிலுக்குப் போறவங்க உள்ள கத்துறாங்க.

– அய்யா, இருங்க. தூக்கு…

– இன்னிக்குத் தூக்கு வேணாம் ஆண்டாயி. வேணாம்னா வேணாம். நான் ரெண்டு கொடம் தண்ணி மொண்டுட்டு வரேன். ஜானகி, நீ பஸ்ஸுல ஏறி உக்காரு. இல்ல, வேணாம், நீ தங்கராசு வண்டியிலயே பெரம்பலூர் திரும்பிடு. அரியலூர்ல ஒரே வெயிலு.

– பாரேன் இவர! வெக்கமாப் போச்சு போல, ஓடுறாரு. நான் இவரோட பஸ்ஸுலயே அரியலூர் போயிட்டு வரப் போறேன். இந்தா, அந்தத் தூக்க எடுத்துக் குடு.

– அம்மா, ஒரு வார்த்தை. கோவிச்சுக்க மாட்டீங்களே?

– இனிமே உங்கிட்ட எனக்கு என்ன கோவம்? சொல்லு.

– அய்யா தூக்கு வேணாம்னது உங்களுக்குப் பயந்துட்டுத்தான். சட்டியில இருக்குதே இந்த மஞ்சக்கரு, இத நான் வச்சுக்கறதில்லீங்க. தெனம் தூக்குல ஊத்திக் குடுத்துடுவேன்.

– எஞ்சினுக்கு ஆவாதுன்னாரே?

– எஞ்சினுக்கு வெள்ளை. மஞ்ச அய்யா அரியலூருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு. திரும்பி வரப்ப வெறுந்தூக்க எங்கிட்டக் குடுத்துட்டுப் போவாரு.

– அப்ப இதத் தேய்க்கறது?

– நான் தேய்க்கலீன்னு அப்பவே சொன்னேனே. அரியலூர்லேருந்து வரும்போதே இப்படிப் புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னுதான் வரும்.

– மஞ்சக்கரு யாருக்கு, ஆண்டாயி?

– உங்க புள்ளைக்குத்தாங்க. அரியலூர்ல சித்தி வூட்டுல விட்டு வச்சிருக்கீங்களே, அந்த மூணு வயசுப் புள்ளைக்கு. சவலையா இருக்குது, மஞ்சக்கருவப் பால்ல அடிச்சுக் குடுத்தாத் தேறும்னு வைத்தியரு சொன்னாராம். 'எங்க வூட்டம்மாவுக்குத் தெரிஞ்சா, புள்ளைக்கு முட்டையக் குடுத்துட்டேன்னு ஆடித் தீத்துடுவா, சொல்லிடாத'ன்னு கேட்டுக்கிட்டாரு. நீங்கதான் இன்னிக்கு முட்டையத் தொட்டுட்டீங்களே, இனிமே மறைப்பானேன்னு சொல்றேன். பெத்த அப்பன் மனசு அது, அவரத் திட்டாதீங்கம்மா. புள்ள இப்பத் தேறியிருக்குதுங்களா? அம்மா? ஏன் இப்படிப் பாக்குறீங்க?

– எனக்கு ஏது புள்ள, ஆண்டாயி?