ரியோசேயின் இடது கை

தொலைக்காட்சியின் சத்தத்தை நான் எப்போதும் குறைத்தே வைப்பேன், ஐயா. கீழ்த்தளத்தில் தொமோயே அக்கா கடை நடத்துகிறார். இரும்புக் கல்லில் முட்டைக்கோஸ் அடை வார்க்கும் கடை. சாப்பிட வந்தவர்களின் தலைக்கு மேல் அரக்கர்கள் உறுமினால் நன்றாக இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் அவ்வளவு சத்தம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

குராமொச்சி என்பவன் தொமோயே அக்காவின் தம்பி. எனக்குக் குரா. ஷிபாயாமா என்ற என் பெயரை அவன் ஷிபா என்று நறுக்கி வைத்திருந்தான். அமாகசாக்கியில் ஒரே சந்தில் பிறந்து ஒரே பட்டறையில் தகடு அடித்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் அவன் வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. ‘விண்காவலன் ரியோசே’ பார்க்கச் சந்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடப்போம். அரக்கனை வீழ்த்திய பிறகு ரியோசே இடது கையை உயர்த்திக் காட்டிவிட்டு வானத்துக்குப் போவான். முதல் கதையிலேயே அவனுடைய வலது கை அடிபட்டுச் செயலற்றுப் போயிருக்கும். நடிகர் போட்டிருந்த உடையின் வலது தோள் கிழிந்துவிட்டது, தைக்க நேரமில்லை, அதனால் அப்படி ஒரு கதையைக் கட்டினார்கள் என்று வெகுகாலம் கழித்துப் பத்திரிகையில் வந்தது. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. இடது கையைத் தூக்கியே வளர்ந்தோம். பள்ளியில் அதற்கு அடியும் வாங்கினோம்.

பட்டறையில் சேர்ந்த புதிதில் பிரஸ் இயந்திரம் என் வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்து மற்றதை எடுத்துக்கொண்டது. இதோ, பாருங்கள். ஆஸ்பத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். சாப்பிடவில்லை. உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே யோசனையாக இருந்தது. குரா எண்ணெய்ச் சட்டையோடு வந்து, வாசலில் நின்று இடது கையைத் தூக்கினான்.

“ரியோசேவுக்கே வலது கை கிடையாது. உனக்கு மட்டும் என்னடா கேடு?”

சிரித்துவிட்டேன். அன்று அந்தச் சிரிப்பு வந்திராவிட்டால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு பட்டறை வாசலில் எங்கள் ஷிப்டு ஆட்கள் எல்லோரும் இடது கையைத்தான் தூக்குவார்கள். மேஸ்திரி உட்பட.

குராவைப் படுக்கையில் தள்ளியது கல்நார்த் தூசி. கொதிகலனின் பழைய உறையைப் பிரிக்கும் வேலை ஆளுக்குப் பாதி என்று பங்கு. என் கையால் முடியாதென்று என் பங்கையும் அவனே பிரித்தான். அந்தத் தூசி அவன் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. தலைமாட்டில் காற்று இயந்திரம், மூக்கில் குழாய். நான் அவனோடேயே குடியேறினேன். துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு நாளாவது முகம் சுளித்தேனா என்று அக்காவைக் கேளுங்கள்.

ரியோசே புதுத் தொடராக மறுபடி வருகிறான் என்ற செய்தி வந்தபோது குரா சொன்னான்: “அதைப் பாத்துட்டுத்தான்டா போவேன். எமன் வந்தா கீழ அடை தின்னுட்டு உக்காந்திருக்கச் சொல்லு.”

ரியோசே வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. கடைசியில் புது ரியோசே வலது கையை உயர்த்தினான்.

எனக்கு மட்டும்தான் வயிறு எரிந்தது என்று நினைக்காதீர்கள். கைபேசியைத் திறந்தால் ஊரே எரிந்துகொண்டிருந்தது. இடது கை எங்கே என்று ஒருவர். எங்கள் பிள்ளைப் பருவத்தின் முகத்தில் துப்பிவிட்டார்கள் என்று இன்னொருவர். எதிர்ப்பக்கம் இளசுகள். ‘இப்பத்தான் லட்சணமா இருக்கான்.’ ‘முடவன் எதுக்கு உலகத்தைக் காப்பாத்தணும்?’ ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘இடது கைக் கிழடுங்க போய்ச் சேர்ந்தா தொடர் நல்லா ஓடும்.’ அவனுக்கு என் வலது கையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை. சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அது பெரிதில்லை. ஊர் வாய் அப்படித்தான். நான் குராவின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை திட்டினால் போதும், எனக்கு ஆறிவிடும். அவன் கண்ணில் தண்ணீர்.

“பாத்தியா ஷிபா. அவன் கை சரியாயிடுச்சுடா.”

“கெடுத்துட்டானுங்கன்னு சொல்லு.”

“போடா. எத்தனை வருஷம் அந்த வலியோட பறந்தான். இப்பவாவது ஆறிச்சே.”

நோயில் புத்தி மழுங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் அக்கா அடைத் தட்டோடு மேலே வந்தபோதெல்லாம் குரா வலது கையைத் தூக்கினான். அக்காவும் சிரித்துக்கொண்டே தூக்கினார். ஊசி போட வந்த தாதியும் தூக்கினாள். நான் நடுவில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே வலது கை. குரா எட்டி என் முழங்காலைத் தட்டினான்.

“நீயும் தூக்குடா.”

“எதைத் தூக்கச் சொல்ற?”

“கட்டைவிரல் இருக்குல்ல. அது போதும். என்கிட்ட என்னடா வெக்கம்?”

அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி மூச்சு இன்னும் சிரமப்படும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நிமிடம் குரா சந்தோஷமாக இருந்தான். காத்திருந்ததைப் பார்த்துவிட்டான். மனிதன் போக வேண்டிய நேரம் அதுதானே? போகப் போகத் தொடர் கெட்டுப்போகும், ஊர் ஏசுவது அவன் காதிலும் விழும். அதற்கெல்லாம் அவனை விட்டுவைப்பது பாவம் என்று பட்டது.

எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். முடிவுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காற்று தடைப்பட்டால் அந்த இயந்திரம் கூவும், கீழே கேட்கக் கூடாது. குழாயை எடுத்தேன். அவன் வாயையும் மூக்கையும் என் இடது கையால் பொத்தினேன். பாட்டைக் கேட்டு, ‘கழுதைங்க ரெண்டும் இன்னைக்குக் குஷியா இருக்குதுங்க’ என்று அக்கா கடையில் சொன்னாராமே. நீங்கள்தான் சொன்னீர்கள்.

நினைத்ததைவிட நேரம் பிடித்தது. குரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரக்கத்தால் செய்தேன், வேறு எந்த எண்ணமும் கிடையாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். அது எனக்குப் புரிந்தது. வலது கை.

இடது கையைத் தூக்கியிருந்தால் விட்டிருப்பேன், ஐயா.