பாகு ஊத்துற கை

— பெரிசுதான் வேணும் நூரிஸ். ஞாயித்துக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம், பன்னெண்டு பவுண்டு கேக். இந்தச் சின்னக் கிண்ணத்துல நாலு தடவை அடிக்கணும்.

— நாலு தடவை அடிச்சா என்ன அண்ணி? அடிக்கப்போறது மெஷின். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க. இந்தச் சிவப்பைப் பாருங்களேன், லா வேகா ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சிவப்பு கிடைக்காது.

— நிறத்தையா திங்கப்போறோம்? உங்க அண்ணனைக் கட்டின நாள்லேர்ந்து பாக்கறேன், உங்க வீட்டு ஆளுங்களுக்கு நிறம் இருந்தாப் போதும். ஐயா, உங்க பேர் என்ன சொன்னீங்க?

— அமாதோருங்க. பதினெட்டு வருஷமா இந்தக் கடையில ஸ்டாண்ட் மிக்சர்தான் விக்கறேன். பொய் சொல்லி ஒண்ணுகூட வித்ததில்ல.

— அப்போ உண்மையைச் சொல்லுங்க. போன வாரம் எங்க கை மிக்சர் புகைஞ்சு போச்சு. வெண்ணெயும் சர்க்கரையும் பாதி அடிச்சிருக்கோம், இவ கையில பட்டாசு மாதிரி வெடிச்சது. இதுவும் அப்படித்தான் போகுமா?

— கையில பிடிக்கிறது அவ்வளவு நேரம் தாங்காதும்மா. இது முக்கால் மணி நேரம் ஓடினாலும் லேசாச் சுடும், அவ்வளவுதான். வீட்டுல கரண்ட் எப்படி?

— வரும், போகும். இன்வர்ட்டர் இருக்கு.

— சின்னது இன்வர்ட்டர்ல தாராளமா ஓடும். பெரிசுக்கு ஃப்ரிட்ஜை நிறுத்த வேண்டி வரலாம்.

— கேட்டீங்களா அண்ணி? நான் சொல்லலே? ஐயா, இன்னொண்ணு. மூணு முட்டை வெள்ளையை மட்டும் அடிக்கணும்னு வைங்க. பெரிய கிண்ணத்துல கம்பி அடியைத் தொடுமா?

— சரியாத் தொடாதும்மா. மூணு முட்டைக்குப் பெரிசு சரிப்படாது.

— மூணு முட்டையை யாருடி அடிக்கப்போறா? நாம அடிச்சா இருபது. தெருவுல ஒரு பிறந்தநாள் நம்மளை விட்டு நடந்திருக்கா?

— சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஐயா, சின்னதை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க.

— இதோ. முதல்ல மெதுவா. இப்ப வேகம்.

— ஐயோ அண்ணி, சத்தத்தைக் கேளுங்க. பூனை தூங்குற மாதிரி இருக்கு. தலையை ஒரு விரலால தூக்கலாம், பாருங்க. உங்க தோள்பட்டைக்கு ஒரு வேலையும் இல்ல. ரெண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையால கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால நீங்களே பாகு ஊத்தலாம். யார் துணையும் வேணாம்.

— எனக்கு எதுக்கு யார் துணையும் வேணாம்?

— இல்ல, மெஷின்ல அப்படி ஒரு வசதி இருக்குன்னு சொன்னேன்.

— இருபது வருஷமா நீ அடிக்கறே, நான் ஊத்தறேன். கம்பிப் பதம் வந்ததும் நூல் மாதிரி ஊத்துவேன், நீ கையை எடுக்காம அடிப்பே. அந்த சுஸ்பிரோ, முட்டை வெள்ளை நுரை, கேக்கு மேல மலை மாதிரி நிக்கும். ஒரு நாள் இறங்கியிருக்கா? இப்ப நான் மட்டும் தனியா நின்னு ஏன் ஊத்தணும்? நீ எங்க போயிருப்பே?

— அண்ணி, அது வந்து...

— கரண்ட் போயிடுச்சும்மா. ஜெனரேட்டரைப் போட்டுட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் அப்படி உக்காருங்க.

— அவர் போயிட்டார். இப்ப சொல்லு. ரெண்டு நாளா சின்னது சின்னதுன்னு என் உயிரை எடுக்கறே. உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?

— உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லாருக்கேன். ரொம்ப நல்லாருக்கேன் அண்ணி, அதான் பயமா இருக்கு.

— நூரிஸ், சொல்லித் தொலை.

— எலிஜியோ என்னைக் கேட்டார். முந்தாநேத்து நான் சரின்னுட்டேன்.

— எந்த எலிஜியோ? முட்டை கொண்டு வர்றவரா?

— அவர்தான்.

— வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாசல்ல நின்னு தொப்பியைக் கழட்டுவாரே, அவரா? எட்டு மாசமா முட்டைத் தட்டோட தனியாப் பையில நாலு முட்டை வந்துச்சே, அது இதுக்கா? நான் என்னமோ பழைய வாடிக்கைன்னு குடுக்கறார்னு நெனச்சேன்.

— முதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன்.

— நெனச்சாளாம். அடிப்பாவி. அந்த முட்டையில எல்லாருக்கும் பால் புட்டிங் பண்ணிப் போட்டேன். உங்க அண்ணன் ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னார். அவருக்குத் தெரியுமா?

— ராதமேஸ் அண்ணனுக்கு இன்னும் சொல்லலே. உங்ககிட்டதான் முதல்ல.

— அதையும் மெஷின் கடையில வச்சு.

— வீட்டுல சொன்னா அழுதுடுவேன் அண்ணி. அம்பத்தோரு வயசு. இத்தனை வருஷம் உங்க வீட்டுல, உங்க அடுப்புல இருந்துட்டு, இப்பப் போய்க் கல்யாணம்னா சிரிக்க மாட்டாங்களா?

— யார் சிரிப்பா? சிரிக்கிறவளுக்கு என் கையால ஒரு துண்டு கேக் கிடையாது. நிமிர்ந்து பாரு. அவர் நல்லவரா?

— கையைக் கழுவிட்டுத்தான் முட்டையைத் தொடுவார். பேச்சுக்கு நடுவுல குறுக்க வர மாட்டார். என்னைச் சிரிக்க வைப்பார்.

— போதும். அதுக்கு மேல என்ன வேணும்? எங்க இருக்கப் போறீங்க?

— சமானாவுல. அவரோட அக்கா விட்டுட்டுப் போன கோழிப்பண்ணை அங்க இருக்காம். ஜன்னலைத் திறந்தா கடலாம். ஈஸ்டர் முடிஞ்சதும் போறோம்.

— சமானாவா. பஸ்ஸுல போனா அரை நாள்.

— அதான் அண்ணி. நீங்க தனியாப் பாகு ஊத்தணுமே, தோள்பட்டை வலியோட பெரிய கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு என்ன பண்ணுவீங்கன்னு ராத்திரி தூக்கமே இல்ல. அதனாலதான் சின்னது. லேசானது. நீங்க ஒருத்தரே...

— அழாதே. அழாதேன்னா. நானும் அழுதேன்னா அந்த அமாதோர் வந்து விலையைக் கேட்டு அழறோம்னு நெனப்பார்.

— நீங்க கோபமா இல்லையே?

— கோபமாத்தான் இருக்கேன். எட்டு மாசம் ஒரே அடுப்படியில நின்னுக்கிட்டு என்கிட்ட மறைச்சிருக்கே. வீட்டுக்கு வா, வச்சுக்கறேன். கல்யாண கேக்குக்குள்ள என்ன வைக்கிறது? கொய்யாவா, அன்னாசியா?

— கொய்யா.

— கொய்யாதான். அங்க சமானாவுல உனக்கு யாரு பாகு ஊத்துவா? அந்த மனுஷனா?

— அவரா? அவர் ஊத்தினா கம்பி மாதிரி வராது அண்ணி, வாளியில கொட்டின மாதிரி வரும்.

— மன்னிச்சுக்கங்கம்மா, ஜெனரேட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு. என்ன முடிவு பண்ணீங்க? பெரிசைக் கட்டிடட்டுமா?

— பெரிசை உள்ள வைங்க அமாதோர். சின்னதுல ரெண்டு எடுங்க, இவளோடது சிவப்பு.