வயித்தெரிச்சல் மடை

என்னப்பா, வரிசை நகரவே காணோம்? சரி, நிக்கிறதுதான் நிக்கிறோம், ஒரு கதை சொல்றேன், காதக் குடுங்க. ஓட்டுப் போட வந்த எடத்துல ஓட்டுக் கதைதான சொல்லணும்? கட்டுன கதை இல்ல. எங்க பாட்டனுக்குப் பாட்டன், சாத்தையான்னு பேரு, அவர் கதை. எங்கய்யா சொல்ல நான் கேட்டது. அவுகளுக்கு அவுக அய்யா சொன்னது.

ரயிலு வராத காலம். ரோடு போடாத காலம். அந்தக் காலத்துல இந்த வேலங்கரையச் சுத்தியிருந்த ஊரு பூராவையும் ஒண்ணாச் சேத்து, வேலங்கரை நாடும்பாகளாம். நாட்டுக்கு ஒரு தலைவர். அவருக்கு நாட்டம்பலம்னு பேரு. வழக்கு வந்தா அவர்தான் தீக்கணும். திருவிழான்னா அவர்தான் நாள் குறிக்கணும். எல்லாத்துக்கும் மேல, கண்மாயில எந்த மடைய எப்பத் தெறக்கிறதுன்னு அவர்தான் சொல்லணும். மடை அவர் கையில இருந்தா சோறு அவர் கையில இருக்குன்னு அர்த்தம்.

அம்பலம் அப்பன் மகன்னு ஒரே வீட்டுலதான் வந்துக்கிட்டிருந்துச்சாம். ஒரு கட்டத்துல அந்த வீட்டுல பிள்ளை இல்லாமப் போச்சு. நாடு கூடுச்சு. "இனிமே நாமளே ஆளத் தேர்ந்தெடுப்போம். அஞ்சு வருசத்துக்கு ஒருத்தர்"னு பேசி முடிச்சாக.

நாட்டுல ரெண்டு பக்கம். கண்மாய்க்கு மேற்க உள்ள ஊரெல்லாம் மேலவாரம், கெழக்க உள்ளதெல்லாம் கீழவாரம். மொதல்ல பக்கத்துக்கு ஒரு ஆள அவுகவுகளே பொறுக்கணும். அப்புறம் அந்த ரெண்டு பேருக்குள்ள போட்டி. அதான் ஏற்பாடு.

கீழவாரத்துல பேச்சே இல்ல, பெரியணன்தான். ஆள் முரட்டு ஆள். "நான் வந்தா மொதல்ல கீழ மடை. எங்க வயலு குடிச்சு மிஞ்சுன தண்ணிதான் மேலவாரத்துக்கு"ன்னு பகிரங்கமாச் சொன்ன ஆளு.

மேலவாரத்துல ரெண்டு பேர் நின்னாக. ஒருத்தர் எங்க சாத்தையா. இன்னொருத்தர் சேவுகன். சேவுகன் வேற யாரும் இல்ல, சாத்தையா கூடப் பெறந்த தங்கச்சி அடைக்காத்தாளக் கட்டுன மாப்பிள்ளை.

சாத்தையா ஒழைப்பாளி. ஒரு வருசம் கண்மாய்க் கரை ஒடைஞ்சப்ப, ஒடைப்புக்குள்ள எறங்கி நின்னு மண்ணு வாங்கிப் போட்டு அடைச்ச மனுசன். ஆனா அதச் சும்மா விடமாட்டாரு. கல்யாண வீட்டுலயும் சொல்வாரு, எழவு வீட்டுலயும் சொல்வாரு. "அன்னைக்கு நான் மட்டும் எறங்கலேன்னா..." ஆரம்பிச்சாலே சனம் எந்திரிச்சுப் போயிரும்.

சேவுகன் அப்படிப் பெருசா ஒண்ணும் கிழிக்கல. ஆனா சிரிச்ச மொகம். தெருவுல போனா, "என்ன சின்னம்மா, செவலை கன்னு போட்டிருச்சா?"ன்னு கேட்டுட்டுப் போவான். அம்புட்டுத்தான். அதுக்கே சனம் உருகும்.

மேலவாரம் புளியமரத்தடியில கூடுச்சு. ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சு, ஆளுக்கொரு துண்ட முன்னாடி விரிச்சாக. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு கல்லு. யாரு வேணுமோ அவர் துண்டுல போடணும்.

நெனச்சுப் பாருங்க. மூடி மறைக்க ஒண்ணுமில்ல. கண்ணு முன்னாடி நடக்குது. சாத்தையா ஒவ்வொரு மொகமாப் பாக்குறாரு. ஒடைப்புல அவர் காப்பாத்துன வயக்காரன் வந்தான். சேவுகன் துண்டுல போட்டான். அடுத்த வீட்டுக்காரன் வந்தான். சேவுகன் துண்டுல போட்டான். சாத்தையாவோட சொந்தச் சித்தப்பன் வந்தாரு. வந்தவரு ஒரு நிமிசம் நின்னாரு, சாத்தையா மொகத்தப் பாக்காமலே சேவுகன் துண்டுல போட்டாரு. டக்கு, டக்குன்னு அந்தத் துண்டுல கல்லு விழுகுது. விழுகிற ஒவ்வொரு கல்லும் இவர் நெஞ்சுல விழுகுது.

சேவுகன் செயிச்சுட்டான். சனம் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. அவன் தோளு மேல இருந்தே, "மச்சான், நீங்களும் வாங்க!"ன்னு கைய நீட்டுறான். சாத்தையா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டப் பாத்துப் போயிட்டாரு.

அன்னையில இருந்து அவருக்குச் சோறு எறங்கல. சேவுகன் சிரிச்சா எரியும். சேவுகன் பேரு காதுல விழுந்தா எரியும். "நம்ம தங்கச்சி புருசன்தான, வந்தா நமக்குந்தான பெருமை?"ன்னு பொண்டாட்டி சொன்னதுக்கு, தட்ட விட்டு எந்திரிச்சுட்டாராம்.

நாட்டுத் தேர்தல் வந்துச்சு. அய்யனார் கோயில் மண்டபத்துல வேட்டியத் தடுப்பாக் கட்டி, உள்ள ஒரு பானை. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் கையில ரெண்டு கொட்டை குடுப்பாக. புளியங்கொட்டை சேவுகனுக்கு. ஆமணக்கு முத்து பெரியணனுக்கு. வேணுங்கிறதப் பானையில போட்டுட்டு, மத்ததப் போற வழியில ஊரணியில எறிஞ்சிரணும். யாரு எதப் போட்டாகன்னு யாருக்கும் தெரியாது.

ரெண்டு பக்கமும் தலைக்கட்டு கிட்டத்தட்டச் சமம். மேலவாரத்துக்கு ஒரே ஒரு தலைக்கட்டு கூட. அதனால சேவுகன்தான்னு எல்லாரும் மாலையே கட்டி வச்சுட்டாக.

சாத்தையா தடுப்புக்குள்ள போனாரு. கையில ரெண்டு கொட்டை. அவர் என்ன நெனச்சாரோ. துண்டுல விழுந்த கல்லுச் சத்தம் கேட்டுச்சோ என்னமோ. ஆமணக்கு முத்தப் பானையில போட்டுட்டாரு.

வெளிய வந்தாரு. புளியங்கொட்டைய எறியணும். கை விரிய மாட்டேங்குது. அந்த நேரம் பாத்து சேவுகன் எதுக்க வந்து, "மச்சான்!"ன்னு ஆசையா ரெண்டு கையாலயும் அவர் கையப் புடிச்சான். வேர்த்துப்போன உள்ளங்கையில புளியங்கொட்டை ஒட்டிக்கிட்டிருக்கு. சேவுகன் வெரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. அவன் குனிஞ்சு பாத்தான். நிமிந்து இவர் மொகத்தப் பாத்தான். சிரிப்புப் போயிருச்சு. கைய விட்டுட்டான்.

பானையக் கவுத்து எண்ணுனாக. ஆமணக்கு முத்து ஒண்ணு கூட. பெரியணன் நாட்டம்பலம்!

மேலவாரம் கொதிச்சுப் போச்சு. "எவன்டா அவன்? நம்ம சனத்துலயே எவன்டா போட்டவன்? அய்யனார் மேல சத்தியம் பண்ணுங்கடா!" சாத்தையா கூட்டத்துக்குள்ள பதுங்குறாரு. சேவுகன் இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு பாக்குறாரு.

சேவுகன் முன்னாடி வந்தான். "யாரையும் சத்தியம் கேக்காதீங்க. நான்தான் போட்டேன். தனக்குத்தானே போட்டுக்கிறது அய்யனார் முன்னாடி கூச்சமா இருந்துச்சு. பெரியணனுக்குப் போட்டுட்டேன்"னான்.

"அடப் பாவி! உன் கூச்சத்துக்கு எங்க சோத்துல மண்ணைப் போட்டியே!"

அம்புட்டுத்தான். ஊர் அவன ஒதுக்கி வச்சுருச்சு. பேச்சு வார்த்தை இல்ல. அடுப்புக்கு நெருப்புக் குடுக்க ஆளில்ல. அடைக்காத்தா தண்ணிக்குப் போனா மத்த பொம்பளைக குடத்தத் தூக்கிக்கிட்டு வெலகிருவாக. இனி மேலவாரத்துக்குப் பேச ஒரு ஆள் வேணுமேன்னு எல்லாரும் சாத்தையாகிட்ட வந்தாக. அவர் கேட்டது கெடைச்சுருச்சு!

அடைக்காத்தா அண்ணன்கிட்ட வந்து அழுதா. "அண்ணே, அவுகளுக்காக நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"அவன் செஞ்சதுக்கு நான் என்னத்தா பேச?"ன்னாராம் சாத்தையா. சொந்தத் தங்கச்சிகிட்ட. பாத்துக்கங்க.

அந்த வருசம் மழை ஏமாத்துச்சு. பெரியணன் சொன்ன மாதிரியே கீழ மடையத்தான் தெறந்தான். மேல மடையில பலகை எறங்குனது எறங்குனதுதான். மேலவாரத்துப் பயிரு கதிரு தள்ளாம, பொதியிலயே நின்னு காயுது. பிள்ளைக மொகத்தப் பாக்க முடியல.

அப்பத்தான் பெரியணன் மனசுல அது உறுத்த ஆரம்பிச்சுச்சாம். "எனக்கு எதிரா நின்னவன், தான் தோத்தாலும் சரின்னு எனக்குப் போட்டிருக்கான். நான் அவன் பயிரக் காயப்போட்டா நான் என்ன மனுசன்?" ஒருநா விடிஞ்சதும் நேரா சேவுகன் வீட்டுக்கே வந்துட்டான். "சேவுகா, உன் ஒரு கொட்டைக்காக மேல மடையத் தெறக்குறேன். வா, உன் கையால பலகையத் தூக்கு."

மேலவாரமே கண்மாய்க் கரையில கூடிருச்சு. கொட்டு என்ன, கொலவை என்ன! பலகையத் தூக்குனதும் தண்ணி பாஞ்சு போச்சு. ஒதுக்கி வச்ச அதே சனம் சேவுகன் கால்ல விழுகுது. "நீ பெரிய மனுசன்யா, இதுக்காகத்தான் அன்னைக்குப் போட்டியா?" சேவுகன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான்.

கூட்டத்துக்குள்ள சாத்தையா நிக்கிறாரு. வயிறு எரியுது. செஞ்ச தப்பையும் அவன் எடுத்துக்கிட்டான். இப்ப அந்தத் தப்புல வந்த பேரையும் அவனே எடுத்துக்கிட்டான்! பொறுக்க முடியல.

"டேய்! அது என் கொட்டைடா! நான் போட்டதுடா! அவன் போடலடா, நான்தான்டா போட்டேன்!"

கொட்டு நின்னுச்சு. கொலவை நின்னுச்சு. 

அடைக்காத்தா புருசனப் பாத்தா. "நெசமா?"

சேவுகன் சொன்னான்: "நெசந்தான். அவர் தங்கச்சி என் வீட்டுல இருக்கா. அவரக் காட்டிக்குடுத்துட்டு அவ கையில எப்படிச் சோறு வாங்கித் திங்கிறது?" அப்புறம் சாத்தையா பக்கம் திரும்பி, "உங்களுக்காக ஒண்ணும் செய்யல மச்சான்"னான்.

பெரியணனுக்கு மொகம் செவந்து போச்சு. "அப்ப எனக்கு விழுந்தது பெருந்தன்மை இல்ல, பொறாமை! நாலு பேரு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டீங்களாடா? எறக்குங்கடா பலகைய!"

அவன் ஆளுக பலகையத் தூக்கிட்டு வந்தாக. தண்ணி அப்பத்தான் மொத வயல நனைச்சுக்கிட்டிருக்கு. அந்த நேரத்துல எங்க சாத்தையா ஓடிவந்து மடைக்குள்ள குதிச்சுட்டாரு! ரெண்டு கல்லுத் தூணுக்கு நடுவுல, இடுப்பளவு தண்ணியில, கையப் பரப்பிக்கிட்டு நின்னுட்டாரு.

"என்னால மூடுன மடை. எறக்குறதா இருந்தா என் மேல எறக்கு!"

எறக்குனாக. எறக்காம இல்ல. பலகை வந்து எடது தோள்ல ஏறி உக்காந்துச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் கரையில கேட்டுச்சாம். அப்பவும் மனுசன் அசையல.

சேவுகனுக்குப் பொறுக்கல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கப் போனான். சாத்தையா அந்த வலியிலயும் கத்துனாராம்: "இங்கயும் வந்துட்டியாடா? இது ஒண்ணையாவது எனக்குன்னு விடுடா!"

சேவுகன் அப்படியே நின்னான். மச்சான் மொகத்தப் பாத்தான். கால எடுத்துக்கிட்டுக் கரையில போயி உக்காந்துட்டான். வேற யாரையும் எறங்க விடல. கையக் குறுக்க நீட்டி, "அது அவர் எடம்"னான்.

பொழுது உச்சிக்கு வந்துச்சு. பொழுது சாயவும் ஆரம்பிச்சுச்சு. சாத்தையா நிக்கிறாரு, தண்ணி ஓடுது. கடைசியில கீழவாரத்துச் சனமே சொல்லிருச்சு: "அம்பலம், போதும். ஆளு செத்தா அந்தப் பாவத்தத் தண்ணி நம்ம வயலுக்குந்தான் கொண்டுவரும்." பெரியணன் பலகையத் தூக்கிக் கரைக்கு அந்தப் பக்கம் வீசிட்டுப் போயிட்டான். அந்த வருசம் மேலவாரம் கதிர் அறுத்துச்சு.

அடைக்காத்தா அண்ணன் தோளுக்குப் பத்துப் போட்டா. தெனமும் வந்து போட்டா. ஆனா ஒரு வார்த்தை பேசல. பேச ரொம்ப நாளாச்சாம். சேவுகன் சாகுற வரைக்கும் சாத்தையா வீட்டுல கை நனைக்கல. எல்லாம் ஒரே நாள்ல சரியாப் போயிரல, இருக்கிறதச் சொல்றேன்.

அடுத்த தேர்தல்ல நாடு ஒரு கட்டுப்பாடு போட்டுச்சு. "நிக்கிற ஆளு தன் கொட்டைய எதிராளிக்குத்தான் போடணும். தடுப்புக்குள்ள இல்ல, எல்லாரும் பாக்கப் போடணும்." சேவுகன் அன்னைக்கு வாய்ல சொன்ன பொய்ய நாடு மெய்யாக்கிருச்சு. சேவுகனே போட்டான், பெரியணனுக்கு. பெரியணனும் போட்டான், சேவுகனுக்கு. சேவுகன் செயிச்சான். சாத்தையா கோணத் தோளோட வந்து போட்டுட்டுப் போனாரு. என்ன போட்டாரோ, அது பானைக்குத்தான் தெரியும்.

அதான், இந்த ஊர்ல பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கிறவுக ஒருத்தருக்கொருத்தர், "என் ஓட்டு உனக்குத்தான்ப்பா"ன்னு கையப் புடிச்சுச் சொல்லிட்டு உள்ள போறாக. அதான் அந்த மேல மடைக்கு வயித்தெரிச்சல் மடைன்னு பேரு. வெளியூர்க்காரன் கேட்டுச் சிரிப்பான், சிரிச்சுட்டுப் போகட்டும்.

மடை தெறக்குற அன்னைக்கு அங்க பொங்கல் வச்சு, மாலை, தேங்கா மூடின்னு மரியாதை குடுப்பாக. மொத மரியாதை சேவுகன் வீட்டுக்கு. ரெண்டாவதுதான் எங்களுக்கு. தோளு முறிஞ்சது எங்க ஆளுக்கு, மொதத் தேங்கா மூடி அவுகளுக்கு! வருசா வருசம் கைய நீட்டி வாங்கிக்கிட்டுத்தான் வர்றேன். ஆனா அவுக வீட்டுப் பய அந்த மாலையப் போட்டுக்கிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்க... அடி வயித்துல பத்தத்தான் செய்யுது.

சரி சரி, வரிசை நகருது. முன்னாடி போங்கப்பா.