உறுமாத கரடி

எடிட்டர்: ஒரே ஒரு உறுமல்க்கா. அஞ்சு செகண்டு. திரையில கரடி வாயைத் திறக்குதுல்ல, அந்த இடத்துல...

டப்பிங் அக்கா: அது உறுமவே இல்லைடா, அழுவுது. இருபது வருஷமா கார்ட்டூன் கரடிக்கெல்லாம் குரல் குடுக்கறேன். எனக்கே கரடி பாஷை சொல்லித் தர்றியா?

எடிட்டர்: அழுதா எவன் டிவி பார்ப்பான்? நம்ம ஹீரோ வெறுங்கையால மல்லுக்கட்டறார்...

டப்பிங் அக்கா: கிழிச்சார்! சட்டை மடிப்புகூடக் கலையலை. கரப்பான்பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கற மூஞ்சி. கட்டிப்போட்ட கரடிகிட்ட வீரத்தைக் காட்டுதாக்கும்!

எடிட்டர்: கட்டிப்போட்டதுன்னு யாரு சொன்னா?

டப்பிங் அக்கா: பின்னங்காலை ஒரு இடத்துலயும் காணோமே? அந்தக் காட்சியை நீதானே வெட்டின?

எடிட்டர்: ...இருங்க, உள்ள வர்றேன். மைக்கு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு.

டப்பிங் அக்கா: வா, வா. கதவைச் சாத்து. பேச்சை மாத்தாம சொல்லு.

எடிட்டர்: பின்னங்கால்ல சங்கிலிக்கா. ரெண்டு நாள் பட்டினி. நகத்தையெல்லாம் ஒட்ட...

டப்பிங் அக்கா: க்ஹும்... க்ஹும்... அய்யோ, தொண்டையில என்னமோ... என்ன சொன்ன? ஒரு காது மந்தம்டா எனக்கு. திருப்பிச் சொல்லு.

எடிட்டர்: உங்களுக்கா மந்தம்? பக்கத்து ரூம்ல கொசு பறந்தாக்கூட சத்தம் போடுவீங்க! ...சரி. பின்னங்கால்ல சங்கிலி. ரெண்டு நாள்...

டப்பிங் அக்கா: சனியன், இந்த நாற்காலி வேற கிறீச்சு கிறீச்சுங்குது.

எடிட்டர்: எந்திரிச்சு நில்லுங்க. ஆடாம நில்லுங்க.

டப்பிங் அக்கா: நீ ஏன் மைக்கை முழுங்கறவன் மாதிரி நிக்கற?

எடிட்டர்: தொண்டை கட்டியிருக்கு. நீங்க ஏன் கைப்பையைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கீங்க? கீழ வைங்க.

டப்பிங் அக்கா: அதுல... மாத்திரை இருக்கு. நீ சொல்லு.

எடிட்டர்: பின்னங்கால்ல சங்கிலி. ரெண்டு நாள் பட்டினி. நகத்தை ஒட்ட வெட்டினாங்க. ஹீரோதான் பக்கத்துல நின்னு வெட்டச் சொன்னார். கரடி இன்னும் நம்ம ஸ்டுடியோவுக்குப் பின்னாடி, பழைய செட் சாமான் போட்ட கொட்டகையிலதான் இருக்கு. நாளன்னைக்கு ரெண்டாம் பாகம் ஷூட்டிங். இந்தத் தடவை கையில ஈட்டி.

டப்பிங் அக்கா: ஈட்டியா?

எடிட்டர்: ஆமா.

டப்பிங் அக்கா: தூ! இதுக்குப் பேரு வீரமா? எங்க தெருவுல ஒரு வாண்டு, பூனை கழுத்துல கயிறு கட்டித் தரதரன்னு இழுக்குது. ஏண்டான்னா, 'நான்தான் டிவி ஹீரோ'ங்குது. அதுக்கு அஞ்சு வயசு, திருந்திடும். இந்த எருமைக்கு நாப்பத்தஞ்சு!

எடிட்டர்: எருமையை ஏன்க்கா இழுக்கறீங்க, பாவம்.

டப்பிங் அக்கா: அதுவும் சரிதான். ...நான் உறும மாட்டேன்டா.

எடிட்டர்: மேனேஜர் வேற ஆளைக் கூப்பிடுவார்.

டப்பிங் அக்கா: கூப்பிடட்டும். அந்த ஹீரோவையே உறுமச் சொல்லு. பின்னங்கால்ல சங்கிலி போட்டா தானா உறுமுவான்.

எடிட்டர்: இனிமே உங்களுக்கு இங்க வேலையே இருக்காதுக்கா.

டப்பிங் அக்கா: தெரியும். தம்பி... ஒண்ணு சொல்றேன், திட்டினாலும் பரவாயில்லை. நீ பேசினது பூரா பைக்குள்ள என் போன்ல பதிவாயிட்டிருக்கு. நேரா வனத்துறை ஆபீசுக்குத்தான் போறேன். உன் வேலைக்கும் வேட்டு வெச்சிட்டேன். என்னை மன்னிச்சுடுடா.

எடிட்டர்: பைக்குள்ள வெச்ச போன்லயா?

டப்பிங் அக்கா: ஆமா...

எடிட்டர்: இருபது வருஷம் மைக்கு முன்னாடி நின்னவங்க பண்ற காரியமாக்கா இது? சாவியும் சில்லறையும் உரசறதுதான் கேட்கும். இந்தாங்க, பென் டிரைவ். நான் வெட்டி எறிஞ்ச பின்னங்கால் காட்சி, அது அழுத சத்தம், எல்லாம் இதுல இருக்கு. ஒரு மாசமா பாக்கெட்லயே வெச்சிட்டுத் திரியறேன், கொண்டுபோய்க் குடுக்கத்தான் தைரியம் வரலை. நான் பேசினதையும் இதுல ஏத்தித் தர்றேன், ரெண்டு நிமிஷம் இருங்க.

டப்பிங் அக்கா: அடப்பாவி... அப்ப இந்த மைக்கு ஓடிட்டிருக்கா?

எடிட்டர்: நான் உள்ள வந்ததுலேர்ந்து. முதல் தடவை நீங்க இருமிட்டீங்க, ரெண்டாந்தடவை நாற்காலி... மூணாவது டேக்தான்க்கா ஓகே.