தன் உருவத்துக்குத் திரும்புறது

ஐயய்யோ, திட்டலைங்க மேடம். போன்ல பேசினது எங்க அம்மாகிட்டதான். கிழவின்னு கூப்பிட்டதும் நீங்க வெடுக்குன்னு திரும்பிப் பாத்தீங்களே, கவனிச்சேன். என் வாயில வர்ற வார்த்தையே இல்லைங்க அது. அந்தக் கரகரப்பும் என்னோடது இல்ல. சொல்றேன், முதல்ல நீங்க வந்த காரியத்தைப் பாருங்க. அரைமணி நேரமா இந்தத் தொட்டி முன்னாடி நின்னு ஆக்டோபஸ் எங்கன்னு தேடறீங்க.

அந்தா, மூலையில மணலை ஒட்டித் தட்டையாப் போகுதே, நாக்குமீன் மாதிரி? அதேதான். கண்ணாடி துடைக்கிற கம்பை உள்ள விட்டேன்ல, பயந்துடுச்சு. இன்னும் பயந்தா எட்டுக் கையையும் விரிச்சுக்கிட்டு முள்ளு மீனாட்டம் மிதக்கும். ஆறு கையைக் குழிக்குள்ள ஒளிச்சு, ரெண்டை மட்டும் நீட்டி நெளிச்சுதுன்னா கடல்பாம்பேதான். தினம் நண்டு போடறவன், நானே பதறிக் கையை எடுத்திருக்கேன். பாவம், அதுக்கு ஓடு கிடையாது, முள்ளு கிடையாது. வேஷம் ஒண்ணுதான் சொத்து.

தப்பே இல்லைங்க. உசுரைக் காப்பாத்த வேஷம் போடலாம். ஆனா பாருங்க, கம்பை வெளிய எடுத்தேன், ரெண்டு நிமிஷத்துல அது அதுவாயிடுச்சு. மனுஷன் இந்த இடத்துலதான் கோட்டை விடறான். போடத் தெரியுது, கழட்டத் தெரியல. யாரோட நல்லதுக்காச்சும் ஒரு பொய் சொல்லப் போறீங்கன்னா, அதை முடிக்கிற தேதியையும் அன்னைக்கே குறிச்சு வெச்சுருங்க மேடம். பட்டவன் சொல்றேன்.

அந்தக் குரல் எங்க அண்ணனோடது. எட்டு மாசம் முன்னாடி அம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். அதுக்கு மொத நாள்தான், வெளிநாட்டுல வேலை பாத்த இடத்துல, அண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்து செத்துப் போயிட்டான். அம்மாவோ, பெரியவன் பேசினாத்தான் உள்ள போவேன்னு ஒரே பிடிவாதம். அதிர்ச்சியா எதுவும் சொல்லிடாதீங்கன்னு டாக்டர். ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னு அம்மாவுக்குப் போன் போட்டு, அவனை மாதிரியே ரெண்டு தடவை இருமிட்டு, என்ன கிழவி, பயமான்னேன். சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டேதான் ஆபரேஷனுக்கு உள்ள போனாங்க. ஒரே ஒரு தடவைன்னுதாங்க நினைச்சேன்.

இல்லைங்க, இன்னும் சொல்லல. அம்மா இருக்கறது அக்கா வீட்டுல. அக்காவுக்குத் தெரியும். இந்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு வாரா வாரம் அண்ணனாவே கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

என் குரல்லயா? அதை ஏன் கேக்கறீங்க. அண்ணன் குரல்ல எவ்வளவு பொய் வேணாலும் வருது. என் குரல்ல ஒரு பொய்கூட வரல, அம்மான்னு ஆரம்பிக்கறதுக்குள்ளயே போனை வெச்சுடறேன். பேசறதை விட்டுட்டேன். நேர்ல போறதையும் விட்டுட்டேன்.

இப்பக்கூட அந்தப் பக்கம் அம்மா அழுதுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சின்னவன் எட்டு மாசமா ஒரு வார்த்தை பேசலையேடா பெரியவனே, அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு, எல்லாரும் சேந்து என்கிட்ட மறைக்கிறீங்கன்னு. அவன் நல்லாத்தான் இருக்கான்னு சொன்னேங்க. நம்ப மாட்டேங்கறாங்க.