விருந்தாளிக்கு வெளித்தாழ்ப்பாள்

அக்கா: கைதியைப் பார்க்கணும்னுதான் வாசல்ல சொன்னேன். அந்த வார்த்தை கூடாதாம். துப்பாக்கிக்காரன் எனக்குப் பேசக் கத்துக்குடுக்கறான்.

தம்பி: சரியாத்தானேக்கா சொன்னான். இங்க கைதின்னு யாரும் கிடையாது. எல்லாரும் விருந்தாளிங்க. என்னைப் பாரு, நான் என்ன ஜெயிலரா? மேனேஜர்.

அக்கா: லாட்ஜ் நடத்தினப்பவும் மேனேஜர்தான். அப்ப தாழ்ப்பாள் கதவுக்கு உள்பக்கம் இருந்துச்சு.

தம்பி: போர் நடக்குது. விருந்தாளிக்குப் பாதுகாப்பு வேணாமா?

அக்கா: ஜன்னல்ல கம்பி?

தம்பி: திருட்டு பயம்.

அக்கா: முள்வேலி மேல விளக்கு சுத்துதே, அது?

தம்பி: அது... வந்து...

அக்கா: அலங்காரம்னு சொல்லேன். யார் கேக்கப் போறா. என் மகனை எங்க வச்சிருக்கே?

தம்பி: வச்சிருக்கேன்னு சொல்லாதே, தங்கியிருக்கான். பன்னிரண்டாம் அறை. நல்ல காத்தோட்டம். ஆறு பேர்தான்.

அக்கா: கட்டில்?

தம்பி: ரெண்டு. மாத்தி மாத்திப் படுத்துக்கறாங்க. பகிர்வுத் தங்கல்னு அதுக்குப் பேரு.

அக்கா: பேர் வைக்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல. சரி, விருந்தாளிதானே. அனுப்பி வை, கூட்டிட்டுப் போறேன்.

தம்பி: விருந்தாளியைப் பாதியில அனுப்பறது மரியாதையாக்கா? எத்தனை நாள் தங்கணும்னு மேலிடம்தான் சொல்லணும்.

அக்கா: அவன் என்னடா தப்பு பண்ணினான்?

தம்பி: தப்பு பண்ணினா சிறைக்கு அனுப்புவாங்க. அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவன், அவ்வளவுதான். தப்பே பண்ணாதவங்களுக்குத்தான் இங்க இடம்.

அக்கா: தப்பு பண்ணித் தொலைச்சிருந்தா ஒரு வக்கீலாவது வச்சிருப்பேன்.

தம்பி: மெதுவாப் பேசுக்கா...

அக்கா: அவன் எங்க பிறந்தான்னு இந்த ஊர்ல எனக்குத் தெரியும். செத்துப்போன அவங்க அப்பாவுக்குத் தெரியும். அப்புறம்...

தம்பி: டீ சொல்லட்டுமா?

அக்கா: அப்புறம் யாருக்குடா தெரியும்?

தம்பி: ...திறந்த அன்னிக்கு அறையெல்லாம் காலிக்கா. ஏன் காலின்னு மேலிடம் குடைஞ்சுது. கைதி வேணும்னு கேட்டிருந்தா நாக்கை அறுத்துக்கிட்டிருப்பேன். விருந்தாளின்னுதானே கேட்டாங்க...

அக்கா: பஸ் ஸ்டாண்டுல நின்னு லாட்ஜுக்கு ஆள் பிடிச்ச வாயாச்சே. சொந்த ரத்தத்தையும் பிடிச்சுக் குடுத்துட்டே.

தம்பி: வெளியில இருந்தா ஊர்க்காரங்களே அவனை அடிச்சுப் போட்டிருப்பாங்க. இங்க தாய்மாமன் நான் இருக்கேன், ஒரு குறை வருமா? ஆமா, அது என்ன பெட்டி? அவன் துணியா? வாசல்ல எப்படி விட்டாங்க?

அக்கா: என் துணி. நானும் அந்தப் பக்கம் பிறந்தவதான்னு சொன்னேன், உடனே விட்டுட்டாங்க. என் மகன் பக்கத்துல ஒரு மூலை கிடைச்சா எனக்குப் போதும். கூடப்பிறந்தவங்க யாராவது உண்டான்னு கேட்டாங்க. ஒருத்தன் இருக்கான், உள்ள மேனேஜர் நாற்காலியில உக்காந்திருக்கான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எந்திரிடா, வராந்தாவுல வர்றாங்க பாரு. உனக்கு எந்த அறை வேணும்னு இப்பவே சொல்லிடு.